ஏழு நிமிஷமும் ஒரு முழங்காலும்

தருமபுரியில் மார்கழி மாதத்து விடியற்காலையில், பனி கலையாமல் சாலை விளக்குகளின் வெளிச்சம் மஞ்சள் வட்டங்களாகத் தேங்கிக் கிடக்கும் வேளையில், மாவட்ட விளையாட்டரங்கத்தின் பக்கம் செல்கிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து, இருட்டிலேயே எழுந்து, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்த இளைஞர்கள், சிலர் பூட்ஸ் அணிந்தும் சிலர் வெறுங்காலோடும், வட்டம் வட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். பதக்கமோ பட்டமோ இவர்களுடைய லட்சியம் அன்று. வானம் பார்த்த பூமியில் பிறந்து, படிப்பை முடித்தால் பெங்களூருக்கோ ஓசூருக்கோ திருப்பூருக்கோ கூலிக்குப் போவதைத் தவிர வேறு வழி எளிதில் புலப்படாத குடும்பங்களிலிருந்து வந்து, காக்கிச் சட்டையையோ ராணுவ உடுப்பையோ ஒரு தலைமுறையின் விடிவாக எண்ணி, ஜீவனத்துக்காகவே ஓடுகிறவர்கள் இவர்கள்.

இவர்கள் ஓட வேண்டிய தூரம் அதிகமில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர் பதவிக்கு நடத்தும் உடல் திறன் பரீட்சையில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்துக்குள் கடக்க வேண்டும். தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் கோயம்புத்தூர் ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் வழியாகச் செல்லும் ராணுவத் தேர்விலோ, 1600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால்தான் முழு மதிப்பெண். முதலாவது, மணிக்கு ஏறக்குறைய 13 கிலோமீட்டர் வேகம். இரண்டாவது, பதினேழுக்கும் மேல். ஆறு மாதம் ஒழுங்காகப் பயின்ற ஆரோக்கியமான வாலிபனுக்கு முன்னது எளிது, பின்னது பிரயத்தனத்தால் சாத்தியம். ஆனால் முழங்காலில் ஒரு கோளாறு நுழைந்துவிட்டால் அந்த ஏழு நிமிஷமும் ஏழு யோசனை தூரமாக நீண்டுவிடுகிறது. பொழுதுபோக்குக்காக மாரத்தான் ஓடுகிற நகரவாசிக்கு, இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியும். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருக்கிற இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த வருஷம் என்ற ஒன்று இல்லாமலே போய்விடக்கூடும் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டுதான் இவர்களிடம் எதையும் பேச வேண்டும்.

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன், வைத்தியன் அல்லன். காலையில் நடக்கப் போகிற வழக்கத்தினால் இந்தப் பிள்ளைகளில் பலர் பழக்கமானார்கள். சென்ற மாசி மாதத்தில் பென்னாகரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த இரண்டு பேர், பெரியப்பா மகனும் சித்தப்பா மகனுமாகச் சகோதர முறை உள்ளவர்கள், அரங்கத்தின் படிக்கட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவனுக்கு 24 வயது. காவலர் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. இளையவனுக்கு 20, அவன் கனவெல்லாம் ராணுவம்.

“சார், ரெண்டு பேருக்கும் முட்டிதான் சார் தொந்தரவு. ஓடலாமா கூடாதான்னு யாராச்சும் தெளிவாச் சொன்னாத் தேவலை” என்றான் மூத்தவன்.

மூத்தவனுக்கு முழங்காலின் முன்பக்கத்தில், சில்லைச் சுற்றிலும், கடுமையான வலி. படியிறங்கும்போது முகம் கோணுகிறது. குந்தி உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டியிருக்கிறது. தேர்வு அறிவிப்பு வந்த நாள் தொட்டு, அதுவரை ஓடியே பழக்கமில்லாதவன், காலையில் ஐந்து கிலோமீட்டரும் மாலையில் ஐந்து கிலோமீட்டருமாக ஓடத் தொடங்கிய பத்தாம் நாள் வந்த வலி இது. இளையவனுக்கோ வலி என்று சொல்லும்படி இப்போது ஏதுமில்லை. பொங்கல் விளையாட்டில் கபடி ஆடும்போது, பிடிக்க வந்தவனிடமிருந்து தப்பக் காலை ஊன்றி உடம்பைத் திருப்பியபோது, உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஒரு மணி நேரத்துக்குள் முட்டி தேங்காய்போல் வீங்கிவிட்டது. ஊரில் ஒருவர் எண்ணெய் விட்டு நீவிப் பற்றுப் போட்டுக் கட்டினார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது, வலியும் போயிற்று. “எப்பவாச்சும் திரும்பும்போது மட்டும் கால் வழுக்கிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும் சார்” என்றான்.

வலியால் துடிக்கிற பெரியவன் ஓய்வெடுக்க வேண்டும், வலி போய்விட்ட சின்னவன் தாராளமாக ஓடலாம் என்று ஊரார் ஏற்கெனவே தீர்ப்பளித்துவிட்டிருந்தார்கள். இயற்கையாகத் தோன்றுகிற அந்தத் தீர்ப்பு நேர்தலைகீழானது என்று எனக்குப் பட்டது. ஏன் அப்படிப் பட்டது என்பதை விளக்க, முழங்கால் என்ற அந்த அவயவத்துக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டும்.

சரீரத்தின் இரண்டு மிக நீளமான எலும்புகளாகிய தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முழங்காலில் சந்திக்கின்றன. இடுப்பில் உள்ளதுபோல் ஒரு கிண்ணமும் அதற்குள் பந்துமாகப் பொருந்தியிருந்தால் அந்தச் சந்திப்பு தானாகவே நிலைத்து நின்றிருக்கும். இங்கோ, மேலே இரண்டு உருண்டைகளும் கீழே ஏறக்குறையத் தட்டையான ஒரு மேடையுமாக, வழவழப்பான தட்டின் மேல் இரண்டு உருண்டைக் கற்களை வைத்ததுபோன்ற அமைப்பு. உருண்டைகள் உருண்டோடிவிடாமல் காப்பவை எலும்புகள் அல்ல. அவற்றைச் சுற்றியுள்ள மென்மையான திசுக்களே. உருண்டைக்கும் மேடைக்கும் நடுவே பிறைச்சந்திர வடிவத்தில் இரண்டு குருத்தெலும்புத் திண்டுகள், உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக, அண்டை கொடுத்து நிற்கின்றன. மூட்டின் நடுவில் இரண்டு பிணைநார்கள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து, கீழ்க்கால் எலும்பு முன்னாலோ பின்னாலோ நழுவாதபடி பிடித்துக்கொள்கின்றன. பக்கவாட்டில் இரண்டு நார்கள் வேறு. நம் ஊர்களில் இந்தத் திண்டுக்கும் ஜவ்வு என்றுதான் பெயர், அந்த நாருக்கும் ஜவ்வு என்றுதான் பெயர். ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஒருவர் சொல்லும்போது எது கிழிந்தது என்று மறுகேள்வி கேட்காமல் எந்த முடிவுக்கும் வர இயலாது.

முன்னால் இருக்கும் சில்லோ வேறொரு தொழில் செய்கிறது. தொடையின் முன்பக்கத்துப் பெரிய தசை, தன் நாணை இந்தச் சில்லின் மேல் ஓட்டிக் கீழ்க்காலில் கட்டியிருக்கிறது. கிணற்று உருளை கயிற்றைத் தாங்குவதுபோல் சில்லு அந்த நாணைத் தாங்கி, தசையின் இழுப்பு சாதகமான கோணத்தில் விழும்படி செய்கிறது. இந்த உதவிக்கு அது கொடுக்கிற விலை அழுத்தம். முழங்கால் மடங்க மடங்க, சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகிற விசை ஏறிக்கொண்டே போய், படியிறங்கும்போதும் குந்தும்போதும் உடலின் எடையைப் போல் பல மடங்காகிவிடுகிறது. ஓடும்போதோ, பாதம் தரையில் படும் ஒவ்வொரு தடவையும் தரை நம்மைத் திருப்பித் தள்ளுகிற விசையே எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 60 கிலோ எடையுள்ள ஒரு பையன் 1500 மீட்டர் ஓடி முடிக்கும்போது, ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 600 தடவை, நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பாரத்தை வாங்கித் தரையில் இறக்குகிறது.

இவ்வளவு பாரத்தையும் நேரில் ஏற்கிற பொருள், எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. மூட்டுக்குள் சுரக்கிற நீரை, கடற்பஞ்சு தண்ணீரை வாங்கி விடுவதுபோல், அழுத்தும்போது வெளியேற்றியும் விடும்போது உறிஞ்சியும் அது பிழைக்கிறது. நரம்பு இல்லாத காரணத்தால், அது தேய்ந்தாலும் விரிந்தாலும் தானாக ஒரு முறையீடும் செய்வதில்லை. ரத்தம் இல்லாத காரணத்தால், ஒருமுறை அழிந்தால் பழையபடி வளர்வதுமில்லை. லண்டனில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வைத்தியர் வில்லியம் ஹண்டர் 1743-லேயே இதைக் கண்டு எழுதிவைத்தார். வலி தோன்றுவதெல்லாம் சுற்றுப்புறத்திலிருந்து: மூட்டின் உள்ளுறையிலிருந்து, சில்லின் அடியிலுள்ள கொழுப்புத் திண்டிலிருந்து, எலும்பின் உட்பகுதியிலிருந்து, தசைநாண்களிலிருந்து. ஆகவே, முழங்காலில் எவ்வளவு வலிக்கிறது என்பதும் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பெரிய முறையீடு ஒரு சிறிய இடையூறிலிருந்து எழலாம். பெரிய சேதம் வாய் திறக்காமலே இருக்கலாம்.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே குழப்பத்திலிருந்து பிறந்ததுதான். அழுத்தி விடுவதே குருத்தெலும்புக்கு ஆகாரம் என்னும்போது, அளவான ஓட்டம் அதற்கு நன்மையாகவே இருக்க வேண்டும் அல்லவா? 2017-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சிக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், தொழில்முறைப் போட்டியாளர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் இடுப்பிலோ முழங்காலிலோ மூட்டுத் தேய்வு இருப்பதாகத் தெரிந்தது. ஓட்டமின்மையும் கெடுதல், மிதமிஞ்சிய ஓட்டமும் கெடுதல். நல்ல மூட்டைப் பற்றிய கணக்கு இது. அடிபட்ட மூட்டைப் பற்றிப் பேசும்போது இதைத் துணைக்கழைக்கலாகாது.

மூத்தவனுடைய வலி, உலகமெங்கும் ஓடுகிறவர்களை அதிகமாகப் பீடிக்கிற சில்லு வலி. அதில் அநேகமாக எதுவும் கிழிவதுமில்லை, முறிவதுமில்லை. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் புதிய உழைப்புக்குப் பழகிக்கொள்கின்றன. தசை அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறது. நாண்களும் எலும்பும் குருத்தெலும்பும் மாதக்கணக்கில் நிதானமாகத்தான் உறுதி பெறுகின்றன. மூச்சு இடங்கொடுக்கிறதே என்று ஒருவன் பத்து நாளில் பூஜ்யத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு ஏறினால், தயாராகாத திசுக்கள் அந்தப் பாரத்தைத் தாங்க மாட்டாமல் எரிகின்றன. தேர்வு அறிவிப்பு வெளியான இரண்டாம் வாரத்தில் அரங்கத்தில் நொண்டுகிறவர்களின் தொகை கூடிவிடுவதை நான் வருஷந்தோறும் கண்டு வருகிறேன். கொடிய விபத்து எதுவும் நேர்ந்து அந்தக் கால்கள் கெட்டுப்போவதில்லை, அவசரமே கெடுக்கிறது. அறிவிப்புக்காகக் காத்திராமல், வருஷம் முழுவதும் வாரத்துக்கு மூன்று நாளாவது ஓடும்படி எந்த ஆசிரியராவது இந்தப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால், இந்தக் கட்டுரையின் பாதிக்கு அவசியமே இராது.

இத்தகைய வலியோடு ஓடலாமா என்று நிர்ணயிக்க, சுவீடன் தேசத்து இயன்முறை வைத்தியர்கள் வகுத்த ஓர் எளிய உபாயம் உண்டு. வலியே இல்லாத நிலையைப் பூஜ்யம் என்றும், தாங்கவே முடியாத வலியைப் பத்து என்றும் வைத்துக்கொண்டு, பயிற்சியின்போது ஐந்துக்கு மேல் போகாத வலியை அனுமதிக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் அது அடங்கிப் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறுமுகமாகவும் இருக்கக் கூடாது. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அந்த மறுநாள் காலைதான். ஓடும் வேளையில் உடல் சூடேறியிருக்கும். ஆவேசத்தில் மூளை வலியை அடக்கி வைத்திருக்கும். பந்தயத் திடலில் நிற்கிற முழங்கால் உண்மையான சாட்சியாக இருக்க முடியாது. இரவு முழுவதும் ஓய்ந்து குளிர்ந்து, காலையில் பாயிலிருந்து எழுந்து முதல் பத்தடி வைக்கும்போது அது சொல்வதே நம்பத் தக்கது.

இளையவனுடைய விஷயம் முற்றிலும் வேறு. அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையிலும் ஒரு குறிப்பு இருந்தது. ஒருவரும் மோதாமல், ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்பியபோது நேர்ந்தது. உள்ளே சத்தம் கேட்டது. ஓரிரு மணி நேரத்துக்குள் வீங்கியது. உடனே வீங்குகிற முழங்காலுக்குள் இருப்பது பெரும்பாலும் ரத்தம். பிறைத் திண்டு மட்டும் கிழிந்தால் நீர் மெல்ல மெல்லக் கோர்த்து, ஒரு நாள் கழித்தே வீக்கம் தெரிவது வழக்கம். குறுக்கு நார்களில் முன்னது, விளையாட்டுச் செய்திகள் படிப்பவர்கள் ஏ.சி.எல். என்று அறிவார்களே அது, அறும்போதோ அதிலுள்ள ரத்தக் குழாய்களும் அறுந்து மூட்டை நிரப்பிவிடுகின்றன. வீக்கம் வடிந்ததும் வலி போய்விடும். அறுந்த நார் ஒட்டியிராது. திரும்பும்போது கால் வழுக்குகிறாற்போல் இருப்பதாகச் சொன்னானே, அதுதான் பிடிமானம் இழந்த எலும்பு மேடையின் மேல் நழுவுகிற ஓசையற்ற நழுவல். ஒவ்வொரு நழுவலிலும் நடுவிலுள்ள பிறைத் திண்டு, அம்மிக்கும் குழவிக்கும் இடையில் அகப்பட்டாற்போல் நசுங்குகிறது.

நேர்க்கோட்டில் ஓடுவதற்கு அந்த நார் அவ்வளவாக அவசியமில்லை என்பதுதான் இதிலுள்ள பெரிய மயக்கம். இப்படிப்பட்ட காலோடு 1600 மீட்டர் ஓடிவிடக்கூட முடியும். ஆனால் ராணுவத் தேர்வு ஓட்டத்தோடு முடிவதில்லை. 9 அடிப் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும், வளைந்து வளைந்து செல்லும் குறுகிய கட்டையின் மேல் சமநிலை தவறாமல் நடக்க வேண்டும். குதித்து ஒற்றைக் காலில் இறங்குவதும் திடீரென்று திசை மாறுவதும் அந்த நாருக்கென்றே இயற்கை விதித்த வேலைகள். ஓட்டத்தில் தேறியதனாலேயே பள்ளத்தில் விழுந்து, இருந்த திண்டையும் இழந்து வருகிற அபாயம் அவனுக்கு இருந்தது.

ஊர் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பரம்பரை அனுபவம் உள்ளவர்கள் நம் நாட்டில் உண்டு. புத்தூர்க் கட்டின் புகழ் மாநில எல்லையைத் தாண்டித் தருமபுரி வரை எட்டியிருக்கிறது. ஆனால் அப்போதுதான் ரத்தம் கசிந்து வீங்கிய மூட்டை எண்ணெய் விட்டு நீவுவது, கசிவை அதிகப்படுத்துமேயன்றிக் குறைக்காது. முதல் இரண்டு நாளும் இறுக்கமில்லாத கட்டும், துணியில் சுற்றிய பனிக்கட்டியும், காலை உயர்த்தி வைத்தலுமே போதும். நாலு அடி எடுத்து வைக்க முடியாமல் போனாலோ, முழங்காலைச் செங்கோணமாக மடக்க இயலாவிட்டாலோ, சில்லைத் தொட்டால் மட்டும் உயிர் போகிறாற்போல் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பிள்ளைகளிடையே பரவியிருக்கிற வேறொரு வழக்கம் இதைவிடக் கவலை தருவது. தேர்வு நாளன்று வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு ஓடிவிடலாம் என்று ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்கிறார்கள். ஆஸ்பிரின் வகை மருந்துகள் வேலை செய்யும் விதத்தை ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் வேன் 1971-ல் கண்டறிந்து, அதற்காக 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அடிபட்ட திசுவில் உண்டாகிற புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியை இவை தடுப்பதால் அழற்சியும் வலியும் தணிகின்றன. அறுந்த நாரையோ நசுங்கிய திண்டையோ இவை ஒன்றும் செய்வதில்லை. வலியின் வாய் அடைபடுகிறது. ஆனால் வேறொரு தடை அப்படியே நிற்கிறது. 1965-ல் சில ஆய்வாளர்கள், யாதொரு கோளாறும் இல்லாதவர்களின் முழங்காலுக்குள் திரவத்தை ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தபோது, தொடைத் தசை தானாகவே சோர்ந்து போவதைக் கண்டார்கள். 20 அல்லது 30 மில்லி லிட்டர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு நீரே தசையின் உள்பக்கத்துப் பகுதியை அடக்கிவிடப் போதுமானது என்று பின்னால் தெரிந்தது. மூட்டு நிரம்பியிருக்கிறது என்ற செய்தி தண்டுவடத்துக்குப் போக, அங்கிருந்து தசைக்குச் செல்லும் கட்டளை தடுக்கப்படுகிறது. மனவுறுதியால் இதை வெல்ல முடியாது, மாத்திரையாலும் முடியாது. வீங்கிய முழங்காலோடு ஓடுகிறவன், மூட்டைக் காப்பதற்கென்றே அமைந்த தசை பாதி உறங்கிக்கொண்டிருக்க, அந்தப் பாரத்தையெல்லாம் மூட்டின் மேலேயே இறக்குகிறான். ஆகையால் வலியைக் காட்டிலும் வீக்கத்துக்கே நான் அதிகம் அஞ்சுவேன். வீங்கியிருக்கிறதா, மடக்கிய கால் நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்கிறதா, ஊன்றும்போது விட்டுக்கொடுக்கிறதா: இம்மூன்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு பெரிய பந்தயமானாலும் நிற்க வேண்டியதுதான்.

அடிபட்ட முழங்காலோடு ஓடி வென்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். மூத்தவனே கேட்டான். அமெரிக்க வீராங்கனை ஜோன் பெனாய்ட்டின் கதையை அவனுக்குச் சொன்னேன். 1984-ம் வருஷம், பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் நடக்கவிருந்த வருஷம், மார்ச் மாதப் பயிற்சியில் அவருடைய வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. தேர்வு ஓட்டம் மே 12-ந் தேதி. மருந்து ஊசி போட்டுப் பார்த்தார், ஓய்வெடுத்துப் பார்த்தார், ஓடினால் மீண்டும் பூட்டிக்கொண்டது. ஏப்ரல் 25-ந் தேதி, தேர்வுக்கு 17 நாள் இருக்கையில், சிறு துளை வழியாக அறுவை சிகிச்சை செய்து, மூட்டுக்குள் உராய்ந்துகொண்டிருந்த நார் போன்ற ஒரு மடிப்பை வைத்தியர் நீக்கினார். பின்பு மறுகாலின் தொடைத் தசை, புண்பட்ட காலுக்காக அதிகம் உழைத்து, தானும் சுளுக்கிக்கொண்டது. அப்படியும் மே 12-ல் ஓடி முதலாவதாக வந்தார். ஆகஸ்டு 5-ல் லாஸ் ஏஞ்சலிஸில் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் தங்கம் வென்றார். வலியைப் பொருட்படுத்தாத வீரத்துக்கு உதாரணமாக இதைச் சொல்வார்கள். எனக்கோ வேறு மாதிரி தோன்றுகிறது. வலி எதனால் என்று கண்டுபிடிக்கும் வரை அவர் விடவில்லை. கண்ட காரணம் நீக்கத் தக்கதாக இருந்தது. அது பாரம் தாங்குகிற பொருளாக இருக்கவில்லை. குறுக்கு நார் அறுந்திருந்தால் எந்த வைத்தியராலும் 17 நாளில் அவரைத் திடலுக்கு அனுப்பியிருக்க முடியாது.

அண்டை மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியிலிருந்து புறப்பட்டு, ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றிலேயே மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடிய த. நடராஜனையும் இவர்கள் அறிவார்கள். அந்தப் புகழின் உச்சியிலேயே, 2021 ஏப்ரலில், ஐ.பி.எல். போட்டியின் நடுவே விலகி முழங்கால் அறுவை சிகிச்சைக்குச் சென்றார். மறு வருஷம் அதே போட்டியில் 18 விக்கெட்டுகள் எடுத்தார். எந்தப் பந்தயத்தை விட்டுக்கொடுத்தால் அடுத்தது கிடைக்கும் என்று அறிந்து செய்த காரியம் அது. அவருக்கு அடுத்த பருவம் என்று ஒன்று இருந்தது என்பதும் மெய்யே.

இருவரையும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். போவதற்கு முன் மூத்தவன் சிரித்தபோது அவன் பற்களில் பழுப்பு நிறக் கோடுகள் தெரிந்தன. இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தக் கோடுகளின் அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை. கடினப் பாறைகளின் இடுக்கிலிருந்து எடுக்கிற ஆழ்குழாய்க் கிணற்று நீரில், பாறையின் தாதுக்களிலிருந்து கரைந்த ஃபுளோரைடு, லிட்டருக்கு ஒன்றரை மில்லி கிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைப் பல கிராமங்களில் தாண்டியிருந்தது. எலும்பையும் பல்லையும் ஆக்குகிற சுண்ணாம்புப் படிகத்துக்குள் ஃபுளோரைடு நுழைந்து, அங்கே இருக்க வேண்டிய அணுக்கூட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைப் பருவத்தில் பல்லில் கறை. வருஷங்கள் செல்லச் செல்ல மூட்டு இறுக்கம், பிணைநார்களே சுண்ணாம்பேறிக் கட்டையாதல். அப்போது ஆந்திரத்தில் இருந்த நல்கொண்டா மாவட்டத்தில், ஃபுளோரைடு மிகுந்த நீர் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து ஒன்றோடொன்று முட்டுவதை, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் 1973-ல் விவரித்தார்கள். சுண்ணாம்புச் சத்துக் குறைவோடு ஃபுளோரைடு சேரும்போது இந்த வளைவு அதிகமாகிறது. நூறு கிராமில் ஏறக்குறைய 340 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து உள்ள கேழ்வரகுக் களியை உண்டு வளர்ந்த ஜனங்கள் நம்மவர்கள் என்பது ஓரளவு ஆறுதல். அந்தக் களி இப்போது ரேஷன் அரிசிச் சோற்றுக்கு இடம் விட்டுக்கொண்டிருப்பது கவலை.

படைத் தேர்வுகளின் வைத்தியப் பரிசோதனையில் இரண்டு முழங்கால்களையும் சேர்த்து நிறுத்திக் கணுக்கால்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளக்கிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடினாலும், அந்த அளவுகோலின் முன் குடித்த தண்ணீருக்காகத் தோற்றுத் திரும்புகிற பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி, 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களுக்குக் கொண்டு சேர்க்கிறது. அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகள் இன்னும் ஓடுகிற வயதுக்கு வரவில்லை. அவர்களுடைய முழங்கால்களை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

மருத்துவமனையில் மூத்தவனுக்குச் சில்லு வலி என்றே சொன்னார்கள். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், மறுநாள் காலையின் சாட்சியத்தைக் கேட்டுக் கேட்டு ஓடினான். இடுப்புக்கும் தொடைக்கும் உரிய பயிற்சிகளையும் விடாமல் செய்தான். தேர்வு நாளில் நாலு மதிப்பெண் அளவு வலியோடு ஓடி, ஏழு நிமிஷத்துக்கு அரை நிமிஷம் மிச்சம் வைத்தான். இளையவனின் முழங்காலைச் சிறிது மடக்கி வைத்துக் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்த வைத்தியர், ஸ்கேன் வருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் அறுவை சிகிச்சை உடனே வேண்டியதில்லை என்பதை சுவீடனில் 121 இளைஞர்களை வைத்து நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியிருக்கிறது; முறையான பயிற்சி மட்டுமே போதுமானவர்களும் உண்டு. ஆனால் குதித்தும் திரும்பியும் வாழ வேண்டிய தொழிலை நாடுகிறவனுக்குப் புதிய நார் வைப்பதே நலம் என்று முடிவாயிற்று. வைத்த பின், குறைந்தது ஒன்பது மாதம் திடலில் இறங்கலாகாது. அதற்கு முன் இறங்குகிறவர்களுக்கு மறுபடி அறுகிற அபாயம் பெரிது.

ராணுவத்துக்கு உச்ச வயது 21. அவனிடம் இதைச் சொல்லும்போது என் குரல் சரியாக இல்லை. போலீஸ் தேர்வுக்கு வயது வரம்பு இன்னும் தள்ளியிருக்கிறது என்றும் சொன்னேன். அவன் அழவில்லை. இப்போது தினமும் அண்ணனோடு அரங்கத்துக்கு வருகிறான். கடைசிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணும் வரை பிடித்து, விட்டு, மறுபடியும் இறுக்குகிறான். ஒரு நாள் நடுவில் நிறுத்தி, விரல் விட்டு எதையோ எண்ணினான்.

“வர்ற வாரம் ஆபரேஷன் சார். ஒம்பது மாசம் போக, எனக்கு இருபத்தொண்ணு முடிய ரெண்டு மாசம் மிச்சம் இருக்கு. அதுக்குள்ள ஆர்மி ராலி வெச்சா…” என்று சொல்லிவிட்டு, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்கினான்.